அலுமாரியின் முதுகு

எங்கள் புத்தக அலுமாரியின் பின்பலகை சென்ற மாரியிற் சுவர்ப்பக்கமாகப் புடைத்துவிட்டது. சட்டத்தைச் சாயாது நிறுத்துவது அப்பலகையே. அது விலகினால் தட்டுகளும், பாட்டனார் சேர்த்த நூல்களும் சரியும். காரணம் யாதெனில், ஓடாவி முன்புறத்துக்கு மட்டுமே வார்னிஷ் பூசியிருந்தார். பூசாத பின்புறம் சுவரின் ஈரத்தை உறிஞ்சி விரிந்தது. முன்புறம் அவ்வளவு விரியவில்லை. ஆகவே பலகை வளைந்தது.

நூல்களை இறக்கி, ஆணிகளைக் கழற்றி, பலகையை நிழலில் உலர்த்தினோம். பின்னர் புடைப்பு மேலாகச் சமதரையிற் கிடத்தி, ஒரு வாரம் பாரமேற்றினோம். நிமிர்ந்தபின் இருபுறமும் ஓரங்களும் வார்னிஷ் பூசி, மரம் விரிவதற்கு விளிம்பிற் சிறிது இடம்விட்டுப் பொருத்தினோம். அலுமாரி இப்போது சுவருக்கு இரண்டு அங்குலம் விலகி நிற்கிறது. அலுமாரி செய்விப்போர் கண்ணிற் படாத புறத்துக்கும் பூசச் சொல்வாராக; நூல்கள் பேரர் கைக்கும் சென்று சேரும்.