பனை வைத்தவர்

'தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான். பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்' என்பார்கள். பனை பலன் தரப் பல ஆண்டுகள் ஆகும். விதை போட்டவருக்குப் பெரும்பாலும் பார்க்கத்தான் கொடுத்துவைத்திருக்கும்.

பைபிளில் அப்படிப் பார்த்துவிட்டுப் போனவர் மோசே. எகிப்தில் அடிமைகளாகச் செங்கல் அறுத்த இஸ்ரவேல் மக்களை மீட்டு, 40 ஆண்டுகள் வனாந்தரத்தில் நடத்தி வந்தவர். யோர்தான் நதியைக் கடந்தால் கானான் நாடு. நானும் அங்கே போக வேண்டும் என்று கெஞ்சினார். 'போதும், இனி இதைப் பற்றிப் பேசாதே. யோசுவாவைத் திடப்படுத்து' என்ற பொருளில்தான் பதில் வந்தது. நேபோ மலையில் ஏறி, அந்த நாட்டைக் கண்குளிரப் பார்த்துவிட்டு, 120 வயதில் இறந்தார். அவருடைய கல்லறை எங்கே என்று யாருக்கும் தெரியாது என்கிறது உபாகமத்தின் கடைசி அதிகாரம்.

குமரி மாவட்டத்தில் இந்த அதிகாரத்தை வாசிப்பவர்களுக்கு இன்னொருவரும் நினைவுக்கு வரலாம். அவர் ரிங்கல்தௌபே ஐயர்.

பிரஷ்ய நாட்டில் பிறந்த அவர், 1806இல் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திருவிதாங்கூருக்குள் வந்தார். தஞ்சாவூருக்குப் போய்க் கிறிஸ்தவராகித் திரும்பியிருந்த மகாராசன் வேதமாணிக்கம், மயிலாடியில் அவருக்காகக் காத்திருந்தார். தலைவரியும், 'ஊழியம்' என்ற கூலியில்லா வேலையும் ஏழைகளை நசுக்கிய காலம் அது. எகிப்தின் செங்கல் சூளை அந்த மக்களுக்குத் தூரத்துக் கதையாக இருந்திருக்காது.

1809இல் மயிலாடியில் ஆலயம் எழும்பியது. பள்ளியும் தொடங்கியது. ஆனாலும் ஐயருக்கு மனச்சோர்வு வந்தது. வருகிறவர்கள் உண்மையான விசுவாசத்தோடுதான் வருகிறார்களா என்ற சந்தேகத்தைக் கடிதங்களில் எழுதினார். மோசேயும் இப்படித்தான் ஒருநாள், இத்தனை பேரைச் சுமக்க என்னால் ஆகாது என்று கர்த்தரிடம் சலித்துக்கொண்டார். பெரிய ஊழியக்காரர்களுக்கும் சோர்வு வரும் என்பதை வேதம் மறைக்கவில்லை.

உடல்நலம் கெட்டு, 1816இல் அவர் ஊரைவிட்டுப் புறப்பட்டார். போவதற்கு முன் சபைகளை வேதமாணிக்கத்தின் கையில் ஒப்படைத்தார். நல்ல கோட்டுகூட இல்லாமல், உள்ளூரில் பின்னிய வைக்கோல் தொப்பியோடு பயணப்பட்டார் என்று அவரைப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். கப்பலேறியவர் எங்கே, எப்படி இறந்தார் என்பது உறுதியாகத் தெரியவில்லை. மோசேயைப்போல அவருக்கும் ஊரறிந்த கல்லறை இல்லை.

1818இல் மீட் ஐயர் வரும்வரை வேதமாணிக்கமே சபைகளைக் காத்தார். மயிலாடியில் தொடங்கிய அந்தச் சிறு பள்ளியின் தொடர்ச்சிதான் இன்றைய நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி. அங்கே படித்து வெளியேறிய பிள்ளைகள் எத்தனை ஆயிரமோ! அதில் ஒருவரைக்கூட ஐயர் பார்க்கவில்லை.

கேட்டது கிடைக்காதபோது மோசே முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்காரவில்லை. யோசுவாவின்மேல் கைகளை வைத்தார். கோத்திரங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி ஆசீர்வதித்தார். அதற்குப் பிறகுதான் மலையேறினார்.

நம் வீடுகளிலும் இப்படிச் சிலர் உண்டு. பனையேறிப் பிள்ளையைப் படிக்கவைத்துவிட்டு, அவன் முதல் சம்பளம் வாங்குவதற்குள் கண்ணை மூடிய அப்பா. பேத்தியின் கல்யாணத்துக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்துவைத்து, அந்த நாளைப் பார்க்காமலே போன பாட்டி. அவர்கள் வாழ்க்கை பாதியில் நின்றுவிட்டது என்று வருந்துகிறோம். அது நிற்கவில்லை; வேறொரு கையில் தொடர்கிறது.

நமக்கும் பார்க்கக் கொடுத்துவைக்காத நாட்கள் சில இருக்கும். அவற்றை நினைத்து ஏங்குவதைவிட, நம் யோசுவா யார் என்று தேடி, இன்றே அவர் தலைமேல் கை வைத்துவிடலாம்.