முற்றம் இல்லாத வீடு

பாமன்கடைத் தொடர்மாடியில் எமக்கு வாய்த்தவை இரண்டே அறைகள். யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டில் வாழ்ந்த அம்மாவுக்கோ மூச்சு முட்டிற்று. ஊருக்கே திரும்புவேன் என்றார்.

கொழும்பு அல்பிரட் பிளேசில் 1962இல் நிறைவுற்ற ஏனா டி சில்வாவின் இல்லத்தைப் பற்றிப் படித்திருந்தேன். நகர நெரிசலிலும் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா நடுவே முற்றம் விட்டு, ஓடும் மரமும் கருங்கல்லுமாக அதனை அமைத்தார். ஒளியும் காற்றும் முற்றத்தின் வழியே வந்தன. பின்னாளில் அவ்வில்லத்தைப் பெயர்த்தெடுத்துப் பெந்தோட்டைக்கு அண்மையில் மீண்டும் எழுப்பினர்.

மாடியில் முற்றம் ஏது? ஆயினும் வெற்றிடம் உண்டாக்கலாமே! யன்னலை மறைத்துநின்ற கண்ணாடி அலுமாரியை விற்றோம். (மனைவிக்கு இன்னும் மனத்தாங்கல்தான்.) அவ்விடத்தில் ஒரு பன்பாய், மர வாங்கு, மண்சாடியில் துளசி, வேறொன்றுமில்லை. அம்மா இப்போது அங்கேயிருந்துதான் கீரை ஆய்கிறார். ஊர்ப்பயணத்தைத் தைக்குத் தள்ளிவைத்திருக்கிறார்.