பிழை எவருடையது?

அருவி வெட்டுப் பாடல்களைத் திரட்டும் பணியில் நம் பத்தாம் வகுப்பு மாணவர் சென்ற மாதம் ஈடுபட்டனர். கூலிக்கு அருவி வெட்டியே முதுமையெய்திய ஒரு மூதாட்டியின் பாட்டைச் சிறு ஒலிப்பதிவுக் கருவியிற் பதிந்து வந்தனர். பாட்டு முடியுமுன்னரே மின்கலம் தீர்ந்துவிட்டது. அதனாற் கோப்பின் தலைப்பகுதி முற்றாக எழுதப்படவில்லை. கணினி அதனைத் திறக்க மறுத்தது.

நாமே அதனைச் செப்பனிட முற்பட்டோம். இலக்கமுறைப் பதிவென்பது, ஒலியை ஒரு செக்கனிற் பல்லாயிரம் முறை அளந்து எழுதிய எண்களின் வரிசையே. செக்கனுக்கு எத்தனை முறை அளக்கப்பட்டது என்பதைத் தலைப்பகுதி கூறும். அது பழுதுபட்டிருந்தமையால், இறுவட்டுகளுக்குரிய 44,100 என்ற எண்ணைச் சிந்தியாது இட்டோம். கோப்பு திறந்தது, நாமும் மகிழ்ந்தோம்.

வகுப்பில் அதனை ஒலிக்கவிட்டபோது, அணில் கீச்சிடுவது போன்றதொரு குரல் எழுந்தது. மாணவர் சிரித்தனர். "நாட்டுப் பாட்டு இப்பிடித்தான்" என்றான் ஒருவன். நாம் அவனைத் திருத்தவில்லை. பின்வாங்கில் இருந்த மாணவி ஒருத்தி மட்டும் எழுந்து, "எங்கட அம்மம்மா இப்பிடிக் கெதியாப் பாடமாட்டா, சேர்" என்றாள்.

அச்சொல் நம்மைச் சுட்டது. மாணவரின் குறிப்பேட்டை நோக்கினோம். அவர் பாடியது ஏறக்குறைய நான்கு நிமிடம்; கோப்போ இரண்டு நிமிடத்தில் முடிந்தது. இருமடங்கு வேகத்தில் ஓடும் பாட்டு ஒரு ஸ்தாயி உயர்ந்தே ஒலிக்கும். நெடுநேரம் பதியவேண்டுமென எண்ணிய மாணவர், கருவியை 22,050 என்ற அளவில் வைத்திருந்தனர். மூலக்கோப்பைத் தொடாது, பிரதியொன்றில் அவ்வெண்ணை இட்டோம். பாட்டின் ஓர் அளவீட்டையேனும் நாம் மாற்றவில்லை. ஆயினும் அந்தக் கனத்த குரலும், வரிக்கு வரி மூச்செடுக்கும் நிதானமும் அப்படியே திரும்பின.

பிழை பாடியவரிடம் இல்லை. நமக்குப் பழகிய அளவே எல்லார்க்கும் அளவெனக் கொண்ட நம்மிடமே இருந்தது. உழைக்கும் மக்களின் கலையைக் கரடுமுரடானதென்று ஒதுக்கும் கற்றோர் பலரும் இப்பிழையைத்தானே செய்கின்றனர்? மறுநாள் வகுப்பில் இதனை ஒளியாது கூறினோம். மாணவர் பாட்டை மீண்டும் கேட்டனர்; எவரும் சிரிக்கவில்லை.

எனினும் மின்கலம் தீர்ந்தபின் அவர் பாடிய இறுதி வரிகள் கோப்பில் இல்லை. பதியப்படாத குரலை எந்தக் கணினியும் மீட்டுத் தராது. வரும் சனிக்கிழமை மாணவர் மீண்டும் அம்மூதாட்டியிடம் செல்கின்றனர். இம்முறை நாமும் உடன் செல்கிறோம்.