ஏழரை

2023 செப்டம்பரில் நானும் என் மனைவியும் ஸ்டாக்ஹோமில் ஒரு வாரம் தங்கியிருந்தோம். அப்போது ஸ்வீடன் நாட்டுக் குரோனா ஒன்றுக்கு ஏறக்குறைய ஏழரை ரூபாய். ஏழரை என்றாலே நம்மவர்களுக்கு ஒரு நடுக்கம் உண்டல்லவா? அது என்னை ஹோட்டல் வாசல்களில் பிடித்துக்கொண்டது.

அங்கே பல ஹோட்டல்களில் விலைப் பட்டியலை வாசலிலேயே வைத்துவிடுகிறார்கள். நான் நின்று, வாய்விட்டுப் பெருக்குவேன். "காப்பி 42 குரோனா, 315 ரூபாய். ராத்திரி ஒரு தட்டுக் காய்கறிச் சாப்பாடு 220, ஆயிரத்து அறுநூற்றைம்பது!"

முதல் நாள் என் மனைவி சிரித்தாள். இரண்டாம் நாள் சிரிக்கவில்லை. மூன்றாம் நாள், "எனக்குப் பசியில்லை. வாங்க, போகலாம்" என்றாள். அன்று இரவு, ஊரிலிருந்து கொண்டுபோன அவலை அறையில் ஊறவைத்துத் தின்றோம். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. முப்பது வருஷம் மற்றவர்களுக்குச் சமைத்துப் போட்டவள். யாரோ சமைத்ததை உட்கார்ந்து சாப்பிட ஆசைப்பட்டாள். அதை நான் பெருக்கிப் பெருக்கியே கெடுத்துக்கொண்டிருந்தேன்.

இத்தனைக்கும் அந்த விலையில் நியாயம் இல்லாமலில்லை. பரிமாறுகிறவருக்கும் கௌரவமான சம்பளம் கொடுக்கிற தேசம் அது. நாம் விட்டுப்போகிற சில்லறையை நம்பி அங்கே யாரும் நிற்பதில்லை.

மறுநாள் காலை விடுதிக்காரரிடம் யோசனை கேட்டேன். "மத்தியானம் சாப்பிடுங்கள்" என்றார். வேலை நாட்களில், உச்சிப் பொழுதையொட்டி, 'டாகென்ஸ் லஞ்ச்', அதாவது 'அன்றைய சாப்பாடு' என்று ஒன்று உண்டு. காரியாலயங்களில் வேலை செய்கிறவர்கள் கூட்டமாக வந்து சாப்பிடுவது. ஒரே விலையில் ஒரு முக்கியப் பண்டம், வேண்டிய மட்டும் பச்சைக் காய்கறி, ரொட்டி, வெண்ணெய், காப்பி எல்லாம் அடக்கம். நம் ஊர் 'அளவில்லாச் சாப்பாட்டு'க்குத் தூரத்து உறவு. நாங்கள் போன இடத்தில் தலைக்கு 135 குரோனா.

அன்று வியாழக்கிழமை. ஸ்வீடனில் வியாழன் என்றால் மஞ்சள் பட்டாணி சூப்பும் பான்கேக்கும். கத்தோலிக்கர்களாக இருந்த காலத்தில், வெள்ளிக்கிழமை விரதத்துக்கு முன்பு வயிறாரச் சாப்பிட ஏற்பட்ட வழக்கம் என்பார்கள். சூப்பில் பன்றி இறைச்சி சேர்ப்பது முறை. நல்லவேளை, அது சேர்க்காமல் இன்னொரு பானையும் வைத்திருந்தார்கள்.

ஒரு கரண்டி வாயில் விட்டதும் என் மனைவியின் முகம் மலர்ந்தது. "நம்ம வீட்டுப் பருப்புதான்! தாளிக்கத் தெரியாம, கடுகை அரைச்சுப் பக்கத்திலே வச்சிருக்காங்க, பாவம்."

அந்தக் கடுகு விழுதைத் தொட்டுக்கொண்டே இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள். பிறகு, ஜாம் தடவிய பான்கேக். ஓரம் முறுகவில்லை என்று ஒரு குற்றம் கண்டுபிடித்துவிட்டு அதையும் மிச்சம் வைக்காமல் தீர்த்தாள். காப்பியை மறுபடியும் ஊற்றிக்கொள்ளலாம் என்றார்கள். அந்த இரண்டாவது கோப்பைக்கு 'போத்தோர்' என்று தனிப் பெயரே இருக்கிறது! எங்களுக்கு அதற்குக் காசு கேட்கவில்லை.

எழுந்து போய்ப் பணத்துக்காகக் கார்டை நீட்டினேன். 270 என்று எண் தெரிந்ததும் என் உதடுகள் அசையத் தொடங்கின. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினேன்.

"எவ்வளவு ஆச்சு?"

"தெரியலையே!"

"இரண்டாயிரத்து இருபத்தஞ்சு" என்றாள், கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே. "நாளைக்கு என்ன போடறாங்கன்னு கேட்டுட்டு வாங்க."