ஒரு பெட்டியில் மூவகைத் தீ

அவித்தல், சுடுதல், வாட்டுதல், பொரித்தல் எனத் தீயின் தொழில்களைப் பிரித்துப் பெயரிட்டது நம் தமிழ். சென்ற ஆண்டு எம் இல்லத்துக்கு வந்த கூட்டுவகை மைக்றோவேவ் அடுப்பை ஆள்வதற்கு இச்சொற்களே எமக்குத் துணையாயின.

அதில் முதன்முதல் வெந்த உருளைக்கிழங்கைச் சுவைத்த என் அன்னையார், "இது அவிச்ச கிழங்கு, தம்பி, சுட்டதில்லை" என்றார். அவர் கூற்று விஞ்ஞானத்துக்கும் ஒத்ததே. நுண்ணலைகள் உணவினுள் புகுந்து, அங்குள்ள நீர் மூலக்கூறுகளை அலைத்து வெப்பமூட்டுகின்றன. ஈரமுள்ளவரை அவ்வெப்பம் 100 பாகை செல்சியசை அதிகம் கடவாது. பொன்னிறமும் மொறுமொறுப்பும் தோன்றவோ ஏறத்தாழ 140 பாகை வேண்டும்.

இக்குறையை நிரப்பவே அப்பெட்டியுள் வேறு இருவகைத் தீயும் உண்டு. விசிறி சுழற்றும் சூட்டுக்காற்று சுடும். கேக்கிற்கு அதுவே ஏற்றது. மேலே சிவந்து காயும் மின்கம்பி வாட்டும்; கத்தரிக்காய்த் துண்டுகளுக்கு அது பொருந்தும். நுண்ணலையையும் சூட்டுக்காற்றையும் இணைத்தாலோ, கிழங்கின் அகம் குழையும், புறம் முறுகும்.

எத்தீயை எவ்வுணவுக்கு ஏவுவது என்பதோடு, எக்கலத்தில் என்பதும் அறிதல் வேண்டும். உலோகக் கலம் நுண்ணலையில் தீப்பொறி எழுப்பக்கூடும். பிளாஸ்ரிக் சூட்டுக்காற்றில் உருகும். வெப்பந் தாங்கும் கண்ணாடிக் கலம் இரண்டுக்கும் உகந்தது. முட்டையை ஓட்டோடு நுண்ணலையில் வைத்தல் ஆகாது, வெடித்துவிடும்.

பல் தளர்ந்த அன்னையாருக்குக் குழைந்த கறி. மகனுக்கு முறுகிய கிழங்கு. கல்லூரியிலிருந்து களைத்து மீளும் நானும் மனைவியும் முறைவைத்துச் சமைக்கிறோம். இரவில் நால்வரும் ஒரே வேளையில் அமர்ந்து உண்ணும் பேறு நெடுநாட்களின் பின் எமக்குக் கிட்டியிருக்கிறது.