பந்தியில் சொல்ல வேண்டிய பெயர்கள்



நம் கொங்கு நாட்டு வீடுகளில் பண்டிகை என்றாலே சந்தகைக்குத் தனி இடம் உண்டு. புழுங்கலரிசியை ஊறவைத்து, நைய அரைத்து, இட்லியாக வேகவைத்து, சூடு தணியுமுன் அச்சில் இட்டுப் பிழிய வேண்டும். ஆறிவிட்டால் மாவு இறுகிவிடும்; பலமுள்ள கையும் தோற்றுப்போகும். ஆகவே ஒருவர் அடுப்பருகே நிற்க, ஒருவர் அச்சை அழுத்த, வேறொருவர் தட்டில் ஏந்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்ந்த முதல் கவளம் நம் நாவைச் சேருமுன்னே பலருடைய தோள்கள் களைத்துப்போயிருக்கும். ஆனால் உண்பவர் கண்ணுக்கு உணவு தெரியும் அளவுக்கு அந்தத் தோள்கள் தெரிவதில்லை.

அந்த அரிசிக்கும் ஒரு வரலாறு உண்டு. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த காலிங்கராயனைப் பற்றி நம் பகுதியில் வழங்கிவரும் கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். உறவினர் வீட்டுக்கு விருந்தினராகச் சென்றிருந்தபோது, கம்பும் சோளமும் விளையும் வறண்ட நாட்டிலிருந்து வந்தவருக்கு அரிசியின் தரம் எங்கே தெரியப்போகிறது என்று சமையற்கட்டில் ஏளனமாகப் பேசியது அவர் செவியில் விழுந்ததாம். அந்த வேதனையைப் பகையாக அவர் வளர்க்கவில்லை. பவானி ஆற்றில் அணை கட்டி, ஏறத்தாழ 90 கிலோமீட்டர் நீளத்துக்கு வாய்க்கால் வெட்டினார். தன்னலத்துக்காகச் செய்தான் என்ற பேச்சு எழாதபடிக்கு, அந்த நீரைத் தாமும் தம் குடும்பத்தாரும் அருந்துவதில்லை என்று உறுதி பூண்டு, பொள்ளாச்சிக்கு அருகிலுள்ள ஊத்துக்குளியில் குடியேறினார் என்றும் சொல்லுவார்கள். ஈரோட்டுப் பக்கத்தில் நெல்லையும் மஞ்சளையும் அந்த வாய்க்கால் இன்றும் விளைவிக்கிறது.

வேதத்திலும் அருந்தப்படாத நீர் ஒன்று உண்டு. 2 சாமுவேல் 23ஆம் அதிகாரத்தில், பெத்லகேம் ஊர்வாசலண்டையிலுள்ள கிணற்றுத் தண்ணீரின்மேல் தாவீது ஆவல் கொள்ளுகிறார். பராக்கிரமசாலிகள் மூவர் பெலிஸ்தரின் பாளயத்தைத் துணிந்து ஊடுருவி, அதை மொண்டு கொண்டுவருகிறார்கள். தாவீதோ அதைக் குடிக்க மனமில்லாமல் கர்த்தருக்கென்று ஊற்றிவிடுகிறார். அவர் கண்ட பாத்திரத்தில் இருந்தது தண்ணீர் அல்ல. அந்த மூவரின் உயிர். கர்த்தருக்குச் செலுத்திய காணிக்கையிலேயே மனிதருக்குரிய கனத்தையும் அவர் செலுத்திவிட்டார். இவ்விரண்டையும் நாம் ஏன் பிரிக்கிறோம்? ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, பரிமாறுகிறவரை ஏறெடுத்தும் பாராமல் உண்ணுகிறோமே!

சென்ற கிறிஸ்துமஸ் நாளில் ஒரு வீட்டுக்குச் சென்றிருந்தேன். இலை போட்டாயிற்று, ஜெபிக்கும்படி என்னைக் கேட்டார்கள். அப்போது அவ்வீட்டுப் பெரியவர், "கொஞ்சம் பொறுங்க அய்யா" என்று சொல்லி, அரிசி ஊறவைத்த மருமகளையும், தேங்காய் துருவிய பேரனையும் பெயர் சொல்லி அழைத்தார். பின்பு சமையலறைப் பக்கம் திரும்பி, "அம்மணி, நீயும் வந்து உக்காரு. அப்புறம் ஜெபம் பண்ணிக்கலாம்" என்றார். விடியுமுன்னே வந்து அச்சை அழுத்திய பணிப்பெண் தயங்கித் தயங்கி வந்து அமர்ந்தார். உணவு முடிந்தபின் அவர் என்னிடம் சொன்னது இது: "பதினோரு வருசமா இந்த வூட்ல சந்தகை புழியறனுங்க அய்யா. சூடா வாயில வெச்சது இன்னைக்குத்தானுங்க."

அந்த வீட்டார் கொடியவர்கள் அல்லர். கூலி தவறாமல் கொடுத்தவர்கள். புத்தாடையும் எடுத்துத் தந்தவர்கள். இருந்தும் அந்த ஒரு நாற்காலி போடப்படுவதற்குப் பதினோரு ஆண்டுகள் ஆயின. நம் இல்லங்களில் எல்லாரும் உண்டபின் ஆறிப்போனதை உண்ணுகிற தாய்மார் எத்தனை பேர்!

உயிர்த்தெழுந்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் தாமே கரிநெருப்பிட்டு, மீனும் அப்பமும் ஆயத்தம்பண்ணி, இராமுழுதும் உழைத்துக் களைத்த சீஷரை உண்ண அழைத்தார். அடுப்படி அவருக்கு அந்நியமான இடமன்று.

ஆகவே இந்தப் பண்டிகையில் ஜெபிக்குமுன் ஒரு நிமிடம் ஒதுக்குங்கள். அந்த உணவில் யார் யாருடைய கை பட்டிருக்கிறதோ, அவர்களைப் பெயர் சொல்லி அழையுங்கள். வர இயலாதவர்களை ஜெபத்தில் நினைவுகூருங்கள். எல்லாரும் அமர்ந்தபின், சூடு ஆறுமுன் உண்ணுங்கள். கர்த்தர் உங்கள் பந்தியை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.