பனங்கை தாங்கிய கூரை

புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் தென்னந்தோப்புகளுக்கு நடுவே பனைமரச் சட்டத்தில் நிற்கும் மாட்டுக்கொட்டகைகள் இன்னும் சில மிச்சம் இருக்கின்றன. அதில் ஒன்றைப் பிரித்துக் கட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போயிருந்தேன். நான் போன நேரத்தில் கீற்றையெல்லாம் இறக்கிவிட்டு, வெறும் எலும்புக்கூடாக நிறுத்தியிருந்தார்கள். தச்சுவேலையைப் பார்க்க வந்தவனுக்கு அதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

முதலில் கண்ணில் படுவது, அங்கே சுவர் எதையும் தாங்கவில்லை என்பது. மூன்று பக்கமும் இடுப்பளவுக்குச் செம்புராங்கல் சுவர் இருக்கிறது. அதன் வேலை சாரலை மறிப்பது மட்டும்தான். பாரம் முழுக்கக் கால்களில் இறங்குகிறது. நடுவரிசையில் உயரமான கால்கள், அவற்றின் தலையில் மோட்டுவளை. இரண்டு ஓரத்திலும் குட்டைக் கால்கள், அவற்றின்மேல் ஓரவளை. மோட்டிலிருந்து ஓரத்துக்குச் சரிந்து இறங்குபவை பனங்கைகள். கைகளின் குறுக்கே மூங்கில் வரிச்சு, வரிச்சின்மேல் கீற்று. கால்களில் பாதி, கவையோடு வெட்டி நட்ட மரங்கள். கவைக்குள் வளை தானாக உட்கார்ந்துகொள்ளும். பொளி எடுத்து முளை இறக்கும் வேலை அங்கே தேவையில்லை.

வேலையை நடத்திய ஆசாரி எழுபதைத் தாண்டியவர். இறக்கிவைத்த ஒவ்வொரு கையையும் கோடாலியின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டே போனார். கணீரென்றால் வலப்பக்கம், மொத்தென்றால் இடப்பக்கம். இடப்பக்கம் விழுந்தது கொஞ்சம்தான்.

“எத்தனை வருசத்து மரம் ஐயா?”

“கொட்டகை எங்கப்பா கட்டுனது தம்பி. மரம் அவருக்கும் மூத்தது. இளம்பனையில கை எடுத்தா ரெண்டு மழைக்குத் தாங்காது.”

அதற்குக் காரணம் மரத்தின் உடம்பிலேயே இருக்கிறது. வேம்புக்கும் தேக்குக்கும் வைரம் உள்ளே. பனைக்கு வைரம் வெளியே. கறுப்பு நார் நெருங்கி ஓடும் வெளிவளையம்தான் மரம், உள்ளே இருப்பது பஞ்சுபோன்ற சோறு. அந்த வளையம் தடிக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். அடிமரத்தில் அதிகம் தடிக்கும், நுனிக்குப் போகப்போக மெலியும். மரத்தைச் சாய்த்து, அளவுக்குத் துண்டு போட்டு, இரும்பு ஆப்பு இறக்கி நீளவாக்கில் பிளப்பார்கள். பிளந்த வாரிகளின் உட்சோற்றை வாச்சியால் செதுக்கித் தள்ளினால் மிஞ்சுவது கை. சோற்றைச் சோம்பேறித்தனமாக விட்டுவைத்தால் கரையானுக்கு அதுவே வாசல். கறுப்பு நார்ச் சிராய் கையில் ஏறினால் எளிதில் வராது என்று தன் உள்ளங்கையைக் காட்டினார். தழும்புகள் அதிகம்.

பழைய வேலையில் ஆணி கொஞ்சமாகத்தான் இருந்தது. முற்றிய பனையில் ஆணி வளையும், மீறி அடித்தால் நார்வழியே வெடிக்கும். ஆகவே துளை போட்டு முளை அடிப்பார்கள், அல்லது கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். இந்தக் கட்டு வெறும் சிக்கனம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது அப்படியல்ல என்று புயல் காட்டியது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் இந்தப் பக்கத்துத் தோப்புகளை வழித்துக்கொண்டு போனது. அன்று இந்தக் கொட்டகையின் கீற்று ஒன்றுவிடாமல் பறந்ததாம், சட்டம் நின்றதாம். கீற்று பறந்ததுதான் சட்டத்தைக் காப்பாற்றியது என்பது ஆசாரியின் கட்சி. காற்றுக்குப் பிடிமானம் போய்விட்டது, கட்டுகள் அசைந்து கொடுத்தன. எனக்கும் அது சரியாகவே படுகிறது.

மாலையில் மாட்டுக்குப் போடும் மூட்டம் கொசுவுக்கு மட்டுமல்ல. பல வருடப் புகை ஏறிய கைகளில் பூச்சி அண்டுவதில்லை. தகரக் கூரைக்கு மாறியவர்கள் மூட்டத்தை விட்டுவிட்டார்கள், மாடு பகலில் சூடு தாங்காமல் மரத்தடியைத் தேடுகிறது. இந்த மாவட்டத்தில் ஜல்லிக்கட்டுக் காளைக்குச் சிமெண்டுத் தரையும் மின்விசிறியும் போடுகிறார்கள். காசிருப்பவர் செய்யட்டும், கறவை மாடு வைத்திருப்பவர் என்ன செய்வார்?

மரம்தான் பெரிய சிக்கல். செங்கல் சூளைகளுக்கு விறகாகவே ஏராளமான பனைகள் போய்விட்டன. 2021-இல் தமிழக அரசின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அறிவித்தது. நல்ல முடிவுதான். ஆனால் புதுக் கை கிடைப்பது இனி அரிது. இருக்கும் கைகளைத் தட்டிப் பார்த்துத் திரும்பப் போடத் தெரிந்த ஆள்தான் இப்போது தேவை. அங்கே வேலை செய்தவர்களில் இளைஞர் ஒருவரும் இல்லை.

அங்கிருந்து அறந்தாங்கி வழியாக ஆவுடையார்கோயிலுக்குப் போனேன். மாணிக்கவாசகரின் திருப்பெருந்துறை. அந்தக் கோயிலின் கொடுங்கையை, அதாவது சரிந்து இறங்கும் கல்கூரை விளிம்பை, பற்றித் தெரியாத ஸ்தபதி கிடையாது. தாரமங்கலம் தூண், திருவலஞ்சுழி பலகணி போன்றவற்றோடு இதையும் ‘இவைபோலச் செய்ய முடியாது’ என்று விலக்கிவைத்துத்தான் அந்தக் காலத்தில் ஸ்தபதிகள் கோயில் வேலைக்கு ஒப்பந்தம் எழுதினார்கள் என்பது வழக்கு. அண்ணாந்து பார்த்தால் கருங்கல்லில் சரிந்து இறங்கும் கைகள், குறுக்கே ஓடும் சட்டங்கள், ஆணிக் குமிழ்கள். கல்லுக்கு இவை எதுவும் தேவையில்லை. மரக்கூரை எப்படி நிற்கிறது என்று நன்றாகத் தெரிந்த ஒரு கை, அதை அப்படியே கல்லில் எழுதிவைத்திருக்கிறது. மாமல்லபுரத்துத் திரௌபதி ரதம் ஓலைக் குடிசையைக் கல்லாக்கியதும் இதே கதைதான். நகலைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள். மூலத்தின் வழிவந்தவை தோப்புக்குள் மக்கிக்கொண்டிருக்கின்றன.

சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-இல் தொடங்கிய தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் செட்டிநாட்டு வீட்டைப் பிரித்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். திருக்கோகர்ணத்தில் உள்ள புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகம் 1910-இலிருந்து இருக்கிறது. ஒரு மாட்டுக்கொட்டகைக்கு இந்த இரண்டில் ஒன்றில் இடம் கிடைக்காதா? அதைக் கட்டிக் காட்டக்கூடிய ஆசாரிகள் உயிரோடு இருக்கும்போதே இதைக் கேட்க வேண்டும். உங்கள் ஊரில் பனங்கைக் கொட்டகை இருந்தால், தகரம் போடுவதற்கு முன்னால் கைகளை எண்ணி, கால்களின் உயரத்தையும் வளைகளின் நீளத்தையும் அளந்து, ஒரு நோட்டில் படத்தோடு எழுதிவையுங்கள். பொறியியல் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் அவனிடமோ அவளிடமோ அந்த வேலையைக் கொடுங்கள்.